லா பிரேயா தார்க் குழிகளை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை, லாஸ் ஏஞ்சலஸில் எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் லா பிரேயா தார்க் குழிகள். ஹாலிவுட்டையும் கடற்கரையையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இடத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வில்ஷயர் சாலையில் காரை நிறுத்தி, கம்பி வேலிக்கு வெளியே நின்று, குளத்தில் அமிழும் மாமூத் என்ற பனியுக யானைப் பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் பார்த்தது வாசலை மட்டும்தான்.

உள்ளே இருப்பது, நகரத்தின் நட்டநடுவில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தோண்டப்பட்டுவரும் ஒரு புதைபடிவ ஆய்வுக்களம். எலும்பு கிடைக்கும் குழி, அதைக் கழுவிச் சேர்க்கும் ஆய்வகம், எண் போட்டு அடுக்கும் சேமிப்பறை, பொதுமக்கள் பார்க்கும் காட்சிக்கூடம் எல்லாமே ஒரே பூங்காவுக்குள், நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் எலும்பு எங்கோ ஒரு பாலைவனத்தில் கிடைத்திருக்கும், வேறொரு ஊரில் காட்சிக்கு நிற்கும். நடுவில் நடந்தது நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. இதுவரை சேர்ந்திருப்பவை 35 லட்சம் மாதிரிகளுக்கும் மேல், விலங்கும் தாவரமுமாக 600க்கும் மேற்பட்ட இனங்கள்.

அதனால் என் வழி ஒன்றே ஒன்று: எலும்பு போன பாதையிலேயே நாமும் போவோம். முதலில் தார், அப்புறம் குழி, அப்புறம் ஆய்வகம், கடைசியில்தான் காட்சிக்கூடம். டிக்கெட் வாங்கிய வேகத்தில் நேராக உள்ளே போய்விட்டால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அங்கே நிற்கும் எலும்புக்கூடுகள் எதற்கும் அர்த்தம் புரியாது.

கிளம்புவதற்கு முன்

பிள்ளைகளிடம் ஒன்றை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இங்கே டைனோசர் கிடையாது. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. லா பிரேயாவில் கிடைப்பவற்றில் மிகப் பழையவையே சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முந்தையவைதான். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை இந்த நிலம் கடலுக்கடியில் கிடந்தது. இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் வாசலிலேயே ஒரு அழுகை இருக்கும். டைனோசர்தான் வேண்டும் என்றால் இதே நிர்வாகத்தின் கீழ் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அது எக்ஸ்பொசிஷன் பூங்காவில், வேறு பகுதியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

அருங்காட்சியகக் கட்டடத்தைப் பெரிய அளவில் மாற்றியமைக்கும் திட்டம் இருக்கிறது. ஆகவே புறப்படும் வாரத்தில் அவர்களுடைய இணையதளத்தில் திறந்திருக்கும் பகுதிகளையும் நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, காட்சிக்கூடத்துக்கு மட்டும்தான் டிக்கெட். கட்டடம் மூடியிருக்கும் நாளிலும் தார் ஊற்றுகளையும் குளத்தையும் வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதால் பயணம் முழுக்க வீணாகாது.

வில்ஷயர் சாலை வழியாக ஓடும் 20, 720 எண் பேருந்துகளில் வந்தால் பூங்காவின் பக்கத்திலேயே இறங்கலாம். காரில் வருபவர்கள் கர்சன் தெருப் பக்கம் உள்ள வண்டி நிறுத்தத்துக்குப் போங்கள். காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வரும், அப்புறம் ஆய்வகக் கண்ணாடி முன்னால் நிற்க இடம் கிடைக்காது.

செருப்பு விஷயத்தில் கவனம் தேவை. புல்வெளியில் எங்கே வேண்டுமானாலும் தார் கசியும். சாலைக் கூம்பு வைத்தோ வேலி போட்டோ மறைத்திருப்பார்கள், ஆனால் நேற்று இல்லாத இடத்தில் இன்று ஒரு புதுப் பொட்டு வந்திருக்கும். பழைய செருப்பு போட்டுப் போங்கள். ஒட்டிவிட்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், இன்னும் பரவும். பலாப்பழம் அறுக்கும்போது கையில் ஒட்டும் பிசினுக்கு என்ன செய்வோமோ அதேதான் இதற்கும்: கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும். நினைவில் வைத்திருங்கள், ஆய்வகத்துக்குப் போகும்போது இந்தச் சங்கதி மறுபடி வரும்.

முதல் படி: தாரைப் பாருங்கள்

பூங்காவுக்குள் நுழைந்ததும் அந்தப் பெரிய குளத்துக்கு ஓட வேண்டாம். புல்வெளியில் வேலி போட்ட ஒரு சின்னக் கசிவைத் தேடிப் பிடியுங்கள். புதிதாகத் தார் போட்ட சாலையின் வாசனை மூக்கில் ஏறும். ஒரு ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். கறுப்புப் பரப்பில் ஒரு குமிழி மெதுவாக எழும்பும், கண்ணாடிபோல் மெலிந்து உப்பும், உடையும், தழும்பு மூடிக்கொள்ளும். அது மீத்தேன் வாயு.

கீழே நடப்பது இதுதான். இந்தப் பகுதிக்கு அடியில் ஓர் எண்ணெய் வயல் இருக்கிறது. நிலப் பிளவு வழியாக அந்தக் கச்சா எண்ணெய் மேலே ஏறிவருகிறது. மேலே வந்ததும் அதிலுள்ள லேசான பொருட்கள் ஆவியாகிப் போய்விட, மிச்சம் தங்குவது கனமான, ஒட்டும் தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்தது இன்றும் நடக்கிறது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்துவிட்டன என்பதற்காகப் பூமி நிறுத்திக்கொள்ளவில்லை. 1985இல் பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையின் அடியில் சேர்ந்த மீத்தேன் வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2007இல் இந்தத் தாருக்குள்ளேயே உயிர்வாழும், அதுவரை அறியப்படாத பாக்டீரியா இனங்களைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

கசிவின் ஆழத்தையும் கவனியுங்கள். சில இடங்களில் சில அங்குலம்கூட இருக்காது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். வெயில் காலத்தில் இளகிய தார், மேலே காய்ந்த இலையும் தூசியும் படிந்து தரை மாதிரியே தெரியும். ஒரு காட்டெருமை அதில் கால் வைத்தால் மூழ்காது, ஆனால் நகரவும் முடியாது. பசி, தாகம், களைப்பு, அல்லது வேட்டையாட வரும் விலங்கு, இவற்றில் ஏதோ ஒன்று அதை முடித்துவிடும்.

இரண்டாம் படி: குளத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இப்போது அந்தப் புகழ்பெற்ற ஏரிக் குழிக்கு வாருங்கள். சாலையோரம் கறுத்த நீர், அதில் சிக்கித் தவிக்கும் ஒரு மாமூத், கரையில் ஒரு பெரியதும் குட்டியும். 1960களில் வைத்த சிலைகள். பார்ப்பவர் மனதைப் பிசையும் காட்சி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையே வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். இந்தக் குளம் இயற்கையானது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கூரைக்கும் சாலைக்கும் தார் வெட்டியெடுத்த சுரங்கக் குழி, பிறகு மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்து குளமானது. விலங்குகள் ஆழமான தார் ஏரியில் அமிழ்ந்து செத்தன என்ற எண்ணம் பரவியதற்கு இந்தச் சிலைகளுக்கும் பங்கு உண்டு. முதல் படியில் பார்த்த அந்தச் சின்னக் கசிவுதான் உண்மையான பொறி. அது கண்ணைக் கவராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பெரும்பாலோர் மாமூத்தைத்தான் இந்த இடத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். கிடைத்த எலும்புகளில் மாமூத் மிகக் குறைவு. அதிகம் கிடைத்தது எது என்பதை ஐந்தாம் படிக்கு வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் படி: குழிகள்

பூங்காவுக்குள் நடக்கும்போது எண் போட்ட பலகைகள் கண்ணில் படும். அவை 1913 முதல் 1915 வரை தோண்டிய குழிகள். அதற்கு முந்தைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு நடந்தால் அந்தப் பலகைகள் பேசும்.

இந்த நிலத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் டோங்வா பழங்குடி மக்கள். கடலில் செலுத்தும் பலகைப் படகுகளின் இணைப்புகளை அடைக்கவும், கூடைகளில் தண்ணீர் ஒழுகாமல் பூசவும் இந்தத் தாரை எடுத்தார்கள். 1769இல் ஸ்பானியப் படையோடு வந்த ஹுவான் க்ரெஸ்பி என்ற பாதிரியார், தரையிலிருந்து தார் கொப்பளிப்பதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு பண்ணை நிலமாகி, ஹான்காக் குடும்பத்தின் கைக்கு வந்தது. தார் வெட்டும்போது எலும்புகள் வந்துகொண்டே இருந்தன. சேற்றில் மாட்டிய ஆடுமாடுகளின் எலும்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். 1875இல் வில்லியம் டென்டன் என்பவர் அங்கிருந்து ஒரு நீண்ட பல்லைப் பார்த்து, அது மறைந்துபோன வாள்பல் பூனையினுடையது என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1901இல் எண்ணெய் தேடிவந்த நிலவியலாளர் வில்லியம் ஆர்கட் கண்ணில் மறுபடி பட்ட பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து புதைபடிவ ஆய்வாளர் ஜான் மெரியம் வந்தார், பல்கலைக்கழகக் குழுக்கள் தோண்டின. பிறகு நில உரிமையாளர் ஜார்ஜ் ஆலன் ஹான்காக் இரண்டு ஆண்டுகளுக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, மட்டும் தோண்டும் உரிமை கொடுத்தார். அந்த இரண்டே ஆண்டுகளில் 96 இடங்களில் தோண்டி ஏறக்குறைய ஏழரை லட்சம் எலும்புகளை எடுத்தார்கள். 1924இல் ஹான்காக் இந்த 23 ஏக்கரையும் கவுண்டிக்கே கொடுத்துவிட்டார். எண்ணெய் கிடைக்கும் நிலத்தை, நகரம் பெருத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிரித்து விற்காமல் கொடுத்தார் என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

அந்தக் காலத்துத் தோண்டலில் வேகம் இருந்தது, நிதானம் இல்லை. மண்டையோடு, தந்தம், தொடையெலும்பு என்று பெரியவற்றை எடுத்துக்கொண்டு விதை, பூச்சி, எலியின் பல், பறவையின் சிற்றெலும்பு போன்றவற்றில் பெரும்பகுதியை மண்ணோடு விட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் 1969இல் 91ஆம் குழியை மறுபடி திறந்தார்கள். அங்கே பார்வையாளர் நின்று பார்க்க மேடை இருக்கிறது. எல்லா நாளும் வேலை நடக்காது. நடக்கிற நாளாக இருந்தால் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். பூங்காவின் மேற்குப் பக்கம் வட்டமாக ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், 1952இல் கட்டிய நோக்குக் குழி. உள்ளே எலும்புகள் கிடைத்த நிலையிலேயே குவியலாகக் கிடப்பதைப் பார்க்கலாம். எலும்புக்கூடாக அல்ல, ஒன்றன்மேல் ஒன்று சிக்கிய விறகுக் கட்டாக. விலா யாருடையது, தாடை யாருடையது என்று பார்த்த உடனே யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து நீங்கள் தவறவே விடக்கூடாதது பெரிய மரப்பெட்டிகள். 2006இல் பக்கத்துக் கலை அருங்காட்சியகம் நிலத்தடி வண்டி நிறுத்தம் கட்டத் தோண்டியபோது 16 புதிய புதைபடிவப் படிவுகள் வெளிப்பட்டன. உட்கார்ந்து நிதானமாகத் தோண்டினால் கட்டட வேலை பல ஆண்டுகள் நின்றுவிடும். அதனால் பெரிய மரங்களை மண்ணோடு பெயர்த்து நடுவதுபோல், படிவுகளை மண்ணோடு சேர்த்துச் சுற்றிப் பலகை அடித்து, 23 பெட்டிகளாகக் கிரேனில் தூக்கி இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவற்றில் பெரியது 50 டன்னுக்கு மேல். பெட்டிகள் 23 என்பதால்தான் அந்த வேலைக்கு 23ஆம் திட்டம் என்று பெயர். பெட்டி ஒவ்வொன்றாகத் திறந்து 2008 முதல் தோண்டிவருகிறார்கள்.

வேலியருகே நின்று அவர்கள் கையைப் பாருங்கள். உளி, சிறு சுத்தியல், பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரி ஊசிமுனைக் கருவி. பெட்டிக்குள் நீள அகலத்தில் ஒரு மீட்டர், ஆழத்தில் 25 சென்டிமீட்டர் என்று கட்டம் பிரித்து, ஒவ்வோர் எலும்பும் எந்தக் கட்டத்தில், எந்தத் திசை நோக்கி, எவ்வளவு சாய்ந்து கிடந்தது என்று அளந்து எழுதிய பிறகே வெளியே எடுப்பார்கள். சுற்றியிருந்த தார் மண்ணையும் கொட்டிவிடுவதில்லை. எண் எழுதிய வாளிகளில் நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். வரிசை வரிசையாக வாளிகள் நிற்பதைப் பார்க்கலாம். 1913இல் தூக்கி எறியப்பட்டது எதுவோ, அதுதான் இன்று அந்த வாளிகளில் இருக்கிறது. தோண்டுபவர்கள் பேசக்கூடியவர்கள். "இன்றைக்கு என்ன கிடைத்தது?" என்று பிள்ளைகள் கேட்டால் பெரும்பாலும் கையில் எடுத்துக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கண்ணாடி ஆய்வகம்

இப்போது டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போகலாம். தொழிலதிபர் ஜார்ஜ் பேஜ் கொடுத்த பணத்தில் கட்டி 1977இல் திறந்த கட்டடம் இது. சரிந்த புல்மேட்டுக்குள் பாதி புதைந்தாற்போல் இருக்கும். அந்தப் புல்மேட்டில் பிள்ளைகள் உருண்டு விளையாடாமல் வரமாட்டார்கள், அதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே நுழைந்ததும் வலம் இடம் பார்க்காமல் கண்ணாடிச் சுவர் போட்ட ஆய்வகத்தைத் தேடிப் போங்கள். உள்ளே வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்களாக இருப்பார்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி, இப்படி. முதல் வேலை தாரைக் கரைப்பது. நம் செருப்பை எண்ணெய் போட்டுத் துடைத்தோமே, அதே தத்துவம்தான், இங்கே அதற்கென்று கரைப்பான்கள். கரைத்த பிறகு வெளிவரும் எலும்பு வெள்ளையாக இருக்காது. நல்ல காபிக்கொட்டை நிறத்தில் பளபளக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நின்று யோசிக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம் பார்த்திருப்பீர்கள். அது மரமாக இருந்து, அணு அணுவாகக் கனிமம் புகுந்து முழுக்கக் கல்லாக மாறியது. லா பிரேயா எலும்பு கல்லாகவில்லை. அது எலும்பேதான். தார் உள்ளே ஊறி, காற்றையும் நீரையும் அண்டவிடாமல் காத்துவிட்டது. அதற்குள் கொலாஜன் என்ற புரதம் இன்னமும் இருக்கிறது. அதை எடுத்து ரேடியோ கார்பன் முறையில் வயது கணிக்கலாம், அந்த விலங்கு என்ன தின்றது என்றுகூடக் கேட்கலாம். ஆனால் தாருக்கு ஒரு தொல்லையும் உண்டு. தாரே பழைய கார்பன் என்பதால், அதைத் துளி மிச்சமில்லாமல் நீக்காவிட்டால் வயது தப்பாக வரும். மரபணு எடுப்பதும் இங்கே கைகூடவில்லை. 2021இல் டையர் ஓநாய் என்ற மறைந்துபோன விலங்கின் மரபணுவை வெளியிட்ட ஆய்வுக்கு வேறு மாநிலங்களில் கிடைத்த எலும்புகள்தான் உதவின. லா பிரேயா எலும்பு புரதத்தை மட்டும் தந்தது. ஓநாய் மாதிரி தெரிந்தாலும் அது இன்றைய ஓநாய்களிடமிருந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறொரு கிளை என்பது அந்த ஆய்வின் முடிவு.

ஆய்வகத்தில் நுண்ணோக்கி முன்னால் குனிந்து, மெல்லிய தூரிகையால் மணல் மாதிரி ஒன்றைத் தள்ளித் தள்ளிப் பிரிப்பவரைத்தான் நீங்கள் அதிக நேரம் பார்க்க வேண்டும். அவர் முன்னால் இருப்பது வெளியே வாளியில் பார்த்த அதே மண், தார் நீங்கிய பிறகு. தூரிகை முனை ஒரு புள்ளியை மணலிலிருந்து விலக்கும். அது ஒரு வண்டின் இறக்கைக் கூடாக இருக்கும், அல்லது ஒரு தவளையின் விரலெலும்பாக, ஒரு ஜூனிபர் விதையாக. என் கணக்கில் இந்த வளாகத்திலேயே மதிப்புள்ள வேலை இதுதான். பெரிய விலங்கு பல மைல் நடந்து வந்திருக்கலாம். விதையும் வண்டும் அந்த இடத்துக்கே உரியவை. அங்கே வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதற்குச் சாட்சி அவைதான். 1970இல் இங்கே எடுத்துவைத்த ஒரு சின்னப் பொருளை 2014இல் நுண் சிடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இலைவெட்டித் தேனீ, இலைத் துண்டுகளைச் சுருட்டிக் கட்டிய கூட்டறைகள் அவை. உள்ளே கூட்டுப்புழுக்கள் அப்படியே இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேமிப்பறையில் காத்திருந்த அந்தக் கூடு, அந்தத் தேனீ வாழக்கூடிய காலநிலை அன்று இங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிட்டது. சேமிப்பறைக்கு ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: காட்சிக்கூடம்

இப்போதுதான் எலும்புக்கூடுகள். எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டு போக வேண்டாம். நான் சொல்லும் சில இடங்களில் நின்றால் போதும்.

முதலில் தார்த் தொட்டியில் செருகிய கம்பிகள். மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே கை வலிக்கும். நாலு கால்களும் இப்படி மாட்டினால் என்ன ஆகும் என்பது அந்த நொடியில் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அடுத்து ஓநாய்ச் சுவர். மஞ்சள் விளக்கொளியில் 404 டையர் ஓநாய் மண்டையோடுகள், வரிசை வரிசையாக. இதுவரை இங்கே 4,000க்கும் மேற்பட்ட டையர் ஓநாய்கள் கிடைத்துள்ளன, அவற்றில் பத்தில் ஒன்றுதான் சுவரில் இருப்பது. எந்த விலங்கையும்விட அதிகம் கிடைத்தது இதுதான். இரண்டாவதாக வாள்பல் பூனை, 2,000க்கும் மேல். மொத்தத்தில் இங்குள்ள பாலூட்டி எலும்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம் ஊன் உண்ணிகளுடையவை. எந்தக் காட்டிலும் மான் நூறு இருந்தால் புலி ஒன்று இருக்கும். இங்கே அது தலைகீழ். காரணம் முதல் படியில் பார்த்ததுதான். சிக்கிய ஒரு காட்டெருமையின் கதறல் ஒரு கூட்டம் ஓநாய்களை வரவழைக்கும். வந்தவையும் சிக்கும். அவற்றைத் தின்னக் கழுகுகள் இறங்கும், அவையும் சிக்கும். பறவைகளிலும் வேட்டைப் பறவைகளே அதிகம், பொன்னிறக் கழுகு முதலிடம். இத்தனை எலும்பு சேர விலங்குகள் நாளும் விழுந்துகொண்டே இருந்திருக்க வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பத்து விலங்குகள் சிக்கினாலே முப்பதாயிரம் ஆண்டுகளில் இவ்வளவு சேர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

சுவரை விட்டு நகர்வதற்கு முன் ஏதாவது இரண்டு மண்டையோடுகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றின் பற்கள் கூராக இருக்கும், மற்றொன்றில் தேய்ந்து மழுங்கியிருக்கும். ஒன்று இளசு, ஒன்று கிழடு. ஓர் இனத்தில் ஒன்றிரண்டு எலும்புகள் கிடைத்தால் அந்த இனம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லலாம். ஆயிரக்கணக்கில் கிடைத்தால்தான் அதற்குள் யார் யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியும். லா பிரேயாவின் உண்மையான செல்வம் இந்த எண்ணிக்கைதான்.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வாள்பல் பூனையின் காயங்கள். புலி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் புலிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இங்குள்ள 35,000க்கும் மேற்பட்ட எலும்புகளைப் பார்த்தார்கள். பூனைகளில் 4.3 சதவீத எலும்புகளில் காயத் தடம், ஓநாய்களில் 2.8. பூனைக்குத் தோளிலும் இடுப்பு முதுகிலும். பதுங்கியிருந்து பாய்ந்து, இரையை மல்லுக்கட்டி வீழ்த்தும் விலங்குக்கு வரும் அடி அது. ஓநாய்க்குக் கணுக்காலிலும் கழுத்திலும். கூட்டமாக ஓடித் துரத்தும்போது இரையின் உதை விழும் இடங்கள். வேட்டையை யாரும் பார்த்ததில்லை, எலும்பு முறிந்த இடம் சொல்லிவிட்டது.

இன்னொரு பூனையின் இடுப்பெலும்பு பிறவியிலேயே குறையுள்ளது என்று 2021இல் கண்டறிந்தார்கள். குட்டியிலிருந்தே சரியாக நடக்கவும் பாயவும் முடிந்திருக்காது. ஆனாலும் அது வளர்ந்து பெரிய பூனையாகத்தான் இறந்திருக்கிறது. அதற்கு வேறு பூனைகளின் வேட்டையில் பங்கு கிடைத்திருக்க வேண்டும், அதாவது இவை கூட்டமாக வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு இது மிகவும் பிடித்த எலும்பு.

செட் என்று பெயரிட்ட மாமூத்தின் எலும்புகளையும் தேடிப் பாருங்கள். வண்டி நிறுத்தத் தோண்டலில் கிடைத்தது, ஏறக்குறைய 80 சதவீதம் முழுமை, தந்தங்கள் சேதமின்றி. மற்றவை எல்லாம் கலந்துகட்டிக் கிடைக்கும் இடத்தில் ஒரே விலங்கின் உடல் இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

மெரியம் டெரட்டார்ன் என்ற பறவை, சிறகை விரித்தால் மூன்றரை மீட்டர். தலைக்கு மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். தரை ஸ்லாத் என்ற மறைந்துபோன பெரிய தாவர உண்ணி, ஒட்டகம், குதிரை ஆகியவற்றை நடந்துகொண்டே பார்த்துவிடலாம். ஒட்டகமும் குதிரையும் தோன்றியதே அமெரிக்கக் கண்டத்தில்தான் என்பதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

காட்சியில் இல்லாத ஒருவர்

1914இல் ஒரு குழியில் மனித எலும்புகள் கிடைத்தன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய இளம்பெண். இத்தனை லட்சம் எலும்புகளில் மனிதர் என்று கிடைத்தது அவர் ஒருவர்தான். முன்பு அவர் தொடர்பான ஒரு காட்சி அருங்காட்சியகத்தில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. இந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கு அவர் மூதாதை, பார்வைப் பொருள் இல்லை. பிள்ளைகள் "மனுஷ எலும்பு இல்லையா?" என்று கேட்டால் இதை அப்படியே சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

ஆறாம் படி: ஏன் மறைந்தன என்ற கேள்வி

உணவு இடைவேளைக்கு இது நல்ல பேச்சு. வெளியே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்துக்கு ஏற்ற இடம், தார்ப் பொட்டு இல்லையா என்று மட்டும் பார்த்துத் துண்டை விரியுங்கள்.

2023இல் வெளிவந்த ஆய்வில் இங்கு அதிகம் கிடைத்த எட்டு இனங்களைச் சேர்ந்த 172 எலும்புகளின் வயதைத் துல்லியமாகக் கணித்தார்கள். வாள்பல் பூனை, டையர் ஓநாய், அமெரிக்கச் சிங்கம், காட்டெருமை, குதிரை, ஒட்டகம், தரை ஸ்லாத் ஆகிய ஏழும் 12,900 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து மறைந்துவிட்டன. தங்கியது ஒன்றே ஒன்று: கொயோட்டி, நம் ஊர் நரியளவு இருக்கும் அந்தச் சின்னக் காட்டு நாய். இன்றைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் இரவில் அதைப் பார்க்கலாம். அதே காலத்தில் தெற்கே எல்சினோர் ஏரியின் வண்டல் அடுக்குகளில் கரித்துகள் திடீரென்று பெருகுகிறது. அதாவது காட்டுத்தீ. காலநிலை வெப்பமாகி, நிலம் வறண்டு, தழை தின்னும் பெரிய விலங்குகள் குறைந்து புதர் மண்டி, மனிதர்களும் பெருகித் தீயும் வைக்கத் தொடங்கியபோது எல்லாம் சேர்ந்து அடித்துவிட்டது என்பது அவர்களின் வாதம். எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, விவாதம் நடக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் தீயின் புகையைச் சுவாசிக்கும் கலிபோர்னியாக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

நேரக் கணக்கும் சில யோசனைகளும்

தாரும் குளமும் முக்கால் மணி, குழிகளும் பெட்டிகளும் ஒரு மணி, ஆய்வகம் அரை மணி, காட்சிக்கூடம் ஒன்றரை மணி. சாப்பாட்டோடு சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு போனால் குழிகளைச் சுற்றும் நடையைப் பாதியாக்கிவிட்டு 91ஆம் குழியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், பாதை பெரும்பாலும் சமதளம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓநாய்ச் சுவர் சில நேரம் பயமாக இருக்கும், முதலில் தூரத்திலிருந்து காட்டுங்கள். வாள்பல் பூனைப் பொம்மைக்குள் ஆள் நுழைந்து நடிக்கும் நிகழ்ச்சி சில நாட்களில் உண்டு. உருமல் சத்தம் பலமாக இருக்கும்.

தாரைக் குச்சியால் கிளற வேண்டாம், கீழே கிடக்கும் எதையும் பையில் போட வேண்டாம். தாரில் ஒட்டிக்கொண்ட பல்லியோ குருவியோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் ஊழியரிடம் சொல்லுங்கள். பொறி இன்னும் வேலை செய்கிறது.

உயிரியலோ நிலவியலோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தன்னார்வலர் சேர்க்கை எப்போது என்று தகவல் மேசையில் கேட்டு வாருங்கள். அந்த வாளிகளில் பிரிக்காத மண் இன்னும் ஏராளமாக இருக்கிறது. நுண்ணோக்கி முன்னால் பொறுமையாக உட்காரக்கூடிய ஆள்தான் எப்போதும் குறைவு.